பென்சில் புள்ளிகள்

புரியாத சொல் கண்ணில் பட்டதுமே அகராதியைப் புரட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே படித்துக்கொண்டே போவேன். அத்தியாயம் முடிவதற்குள் அதே சொல் இன்னோர் இடத்தில் தலைகாட்டி, பாதிப் பொருளைத் தானே சொல்லிவிடும். மீதிக்குத்தான் அகராதி. முதலில் ஊகித்துவிட்டு, பிறகு தேடிப் பார்த்த சொல் எனக்கு மறப்பதே இல்லை.

தமிழ் அகராதியைப் பார்க்கக் கொஞ்சம் இலக்கணமும் கைவசம் இருக்க வேண்டும். ‘சென்றான்’ என்று தேடினால் கிடைக்காது; ‘செல்’லுக்குப் போக வேண்டும். பழைய செய்யுள் என்றால் சந்தி பிரித்த பிறகுதான் எந்த எழுத்தில் தேடுவது என்பதே தெரியும். அலுப்பான வேலை என்பார்கள். எனக்கோ வாசிப்பின் ருசியே அதில்தான் தொடங்குகிறது. சீர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கையில் பாட்டே மெல்ல அவிழ்ந்து வருகிறது.

முன்பு நிகண்டுகள் என்னும் சொற்பொருள் நூல்களைச் செய்யுளாகவே மனப்பாடம் செய்தார்கள். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அகரவரிசையில் வந்தது. நான் அதிகம் புரட்டுவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதன் பெரும்பகுதிக்குப் பதிப்பாசிரியராக உழைத்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. பொருளை அடுத்து அடைப்புக்குள், அந்தச் சொல் ஆளப்பட்ட நூலின் பெயர் சுருக்கமாக இருக்கும். என்னை இழுப்பது அந்தச் சுருக்கம்தான். ஒரு சொல்லுக்காக லெக்சிகனைத் திறந்து, அது காட்டிய வழியில் சீவக சிந்தாமணிக்குள் போய், எடுத்த நாவலை மறந்து உட்கார்ந்த இரவுகள் உண்டு. அந்த இரவுகளை வீண் என்று நான் நினைத்ததில்லை.

இன்றைய எழுத்துக்கு 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். பொருளோடு அது எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் தருகிறது. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், எங்கே ஒட்டாது என்பது அந்த வாக்கியத்தில்தான் பிடிபடும். எழுத வருகிற இளைஞர்களுக்கு முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டிய புத்தகம் இது என்பேன்.

இரண்டும் கைகொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது. கரிசல் கதைகளில் உழவுக்கும் மாட்டுக்கும் மழைக்கும் வருகிற சொற்கள் பல, ஏட்டில் ஏறாமல் வாய்வழியாகவே வாழ்ந்தவை. கி. ராஜநாராயணன் கதை எழுதியதோடு நிற்காமல், அந்தச் சொற்களைத் தேடித் திரட்டி 1982இல் கரிசல் வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு அப்படி ஒன்று செய்திருக்கிறார். தன் சொல்லுக்குத் தானே அகராதியும் செய்து தரும் எழுத்தாளர் வாய்ப்பது வாசகரின் பாக்கியம்.

இவ்வளவையும் புரட்டிய பிறகும் சில புள்ளிகள் அப்படியே நிற்கும். அந்தச் சொற்களைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அந்தச் சொல் புழங்கும் வட்டாரத்துக்காரர் யாராவது, வயதானவராக இருந்தால் இன்னும் நல்லது, எதிர்ப்பட்டால் கேட்டுவிடுவேன்.