வெளிச்சத்தில் படிக்க வேண்டிய புத்தகங்கள்

பேய்க்கதை எனக்கு ஆகாது. நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து, கைப்பேசியில் பேய்ப்படம் பார்க்கிறீர்கள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். ஏன் தாத்தா என்று போன வாரம் கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்ல முடியாத பதில் அது. அதனால்தான் எழுதித் தருகிறேன்.

இங்கே மலேசியாவில், நம் லாபு தோட்டத்தில் செம்பனை வருவதற்கு முன்னால், ரப்பர் மரம் நின்ற காலத்தில், விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூடிவிட வேண்டும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காண்டாக் கம்பும் வாளியுமாக அம்மா இருட்டுக்குள் போவார். அவர் பால் வெட்டுகிற நிரை எங்கள் லயத்திலிருந்து வெகுதூரம். பாம்பு கிடக்கும், காட்டுப்பன்றி வரும். அதனால் எங்கள் லயத்தில் விளக்கு வைத்த பிறகு யாரும் மோகினிக் கதை பேச மாட்டார்கள். பேச வாயெடுத்தவரைப் பெரியவர்கள் அதட்டுவார்கள். காலையில் தனியாக அந்த மரங்களுக்கு நடுவே நிற்கப்போகிற பெண்ணின் மனத்தில் இன்னொரு பயத்தை ஏற்றிவிடக் கூடாது என்கிற கரிசனம் அது. பயம் அங்கே பொழுதுபோக்கு இல்லை. வேலைக்குப் போகிறவர் கூடவே சுமந்துபோவது.

ஆகவே முதலில் ஒன்று சொல்கிறேன். கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்பதற்காக, பிடிக்காத பேய்ப்படத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று எழுந்து போகலாம். அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர் சொல்லட்டும். நான் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் பாதியில் மூடிவைத்தவன். இன்றுவரை அதை முடிக்கவில்லை, அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஆனால் அதே புதுமைப்பித்தன் 1935-இல் 'மணிக்கொடி'யில் 'துன்பக் கேணி' எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்து ஏழைப் பெண் மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற கதை. அதில் பேய் இல்லை, பிசாசு இல்லை. நான் படித்த எந்தப் பேய்க்கதையும் அந்த அளவுக்கு என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. அதை மட்டும் மூடிவைக்க மனம் வரவில்லை. அந்தப் பெண்ணை ஏமாற்றிக் கூட்டிப்போன அதே மாதிரிக் கங்காணிகள்தான் நம் ஊருக்கும் ஆள் கட்டினார்கள். மருதி நம் வீட்டுப் பெண்.

மனத்தைக் கலக்குகிற புத்தகங்களில் இரண்டு சாதி உண்டு என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒன்று, பயப்படுத்துவதற்காகவே பயப்படுத்துவது. இன்னொன்று, நடந்ததைச் சொல்ல வந்து, சொல்கிற வழியில் நம்மைக் கலக்கிவிடுவது. முன்னதை விட்டுவிடலாம். பின்னதை விட்டு ஓடாதீர்கள்.

அப்படி விட்டு ஓடக் கூடாத கதைதான் சயாம் ரயில் பாதை போட்ட கதை. இப்போது அதற்கு வருகிறேன்.

நீங்கள் கோலாலம்பூருக்குக் கொமுட்டரில் போகிறீர்களே, சிரம்பானிலிருந்து லாபு, நீலாய் வழியாக வடக்கே ஓடுகிற அந்தத் தண்டவாளம், அதன் வழியாகத்தான் 1942, 1943-இல் தெற்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனார்கள். ஜப்பான்காரன் காலம். கடல் வழியாகப் பர்மாவுக்குத் தளவாடம் அனுப்பினால் எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்துவிடும் என்பதால், இன்று தாய்லாந்து எனப்படும் சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் பாதை போட்டார்கள். தண்டவாளத்துக்கு இரும்பு போதவில்லை. இங்கே தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையைப் பெயர்த்து எடுத்தார்கள். ஆளுக்கு நம் தோட்டங்களைப் பெயர்த்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். வராதவரைப் பிடித்துப் போனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் போனதாகக் கணக்கு, பெரும்பாலோர் தமிழர்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்ற இரண்டு நாவல்கள்தான் எனக்கு அதைக் காட்டின. இரண்டு பேரும் நம் நாட்டு எழுத்தாளர்கள். முகாமில் காலரா பரவியதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிணங்களை அடுக்கி எரித்தார்கள், சில வேளை உயிர் முழுசாகப் பிரியாதவரையும் சேர்த்து, என்று தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1943-இல் வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஜப்பானியக் காவலர்கள் 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது.

எங்கள் லயத்தில் சயாமிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். சம்பள நாளில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அவர் மட்டும் தூரத்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வரிசை முழுக்கக் கலைந்த பிறகுதான் கிராணியின் மேசைக்குப் போவார். அவருக்குத் திமிர் என்று சின்னப் பிள்ளைகள் பேசிக்கொள்வோம். முகாமில் காலைதோறும் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணியதையும், காய்ச்சலில் நிற்க முடியாதவரை அடித்துக் கிளப்பியதையும் படித்தபோது, அந்த மரத்தடிக்கு எனக்கு அர்த்தம் கிடைத்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. அவர் வாய் திறந்து சொல்லாத ஒன்றை, அவரை அறியாத ஓர் எழுத்தாளர் எனக்குச் சொன்னார். புத்தகம் செய்கிற இந்த வேலையை வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த ரயிலைப் பற்றி உலகம் பேசாமல் இல்லை. பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-இல் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி நாவல் எழுதினார். 1957-இல் அது படமாகி ஓகோவென்று ஓடியது. இலங்கையில் கித்துல்கலையில் படம் பிடித்தார்கள். அதில் நிறைந்திருப்பவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். அவர்கள் பட்டதும் கொடுமைதான்; 60,000 பேருக்கு மேல் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் அவர்களுக்குள் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு இரண்டும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். தாய்லாந்தில் அந்தப் பாதை சென்ற காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயரோடு. நம்மவர் குழிகளுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. 2023-இல்தான் தாய்லாந்துத் தமிழர்கள் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். எண்பது வருடம்! பெயர் எழுத யாரும் இல்லாமல் போன இடத்தில் ஒரு நாவலாசிரியர் பேனாவை எடுக்கிறார் என்றால், அந்தப் பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போக எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை.

படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் புத்தகங்களைப் பகலில் படியுங்கள். படுக்கையில் வேண்டாம். நெஞ்சு அடைத்தால் மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள், இரண்டு நாள் கழித்துத் தொடருங்கள். ஒரே மூச்சில் முடித்தேன் என்பதில் பெருமை ஏதும் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில், மேடான் நகரத்தில் வெட்டிய தலைகளை மேசைமேல் வைத்திருக்கும் காட்சி வந்ததும் நான் அப்படித்தான் செய்தேன். பிறகு திரும்பி வந்து, மீதியைப் படித்து முடித்தேன். அந்த மாதிரிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். சின்னப் பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். பதினைந்து பதினாறு வயது ஆகட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. இப்படிப்பட்ட புத்தகம் கையில் கோபத்தைக் கொடுக்கும். கோபம் வரட்டும், வராவிட்டால்தான் தப்பு. அதை யார்மேல் இறக்கிவைப்பது என்பதில் நிதானம் வேண்டும். நாகாசே தகாஷி என்ற ஜப்பானியர் காஞ்சனபுரியில் ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரக் கைதியை வதைத்து விசாரித்தபோது கூட நின்றவர். போருக்குப் பிறகு அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே நூறு தடவைக்கு மேல் தாய்லாந்துக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். 1993-இல் இரண்டு கிழவர்களும் காஞ்சனபுரியில் நேருக்கு நேர் சந்தித்தார்கள். பழி தீர்க்கும் எண்ணத்தையே பல வருடம் வளர்த்து வைத்திருந்த லோமாக்ஸ் கடைசியில் மன்னித்தார், நண்பரானார். 1995-இல் அதை எல்லாம் எழுதினார். நாமும் உடனே மன்னித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; நம்மிடம் மன்னிப்புக் கேட்டு யாரும் லாபுவுக்கு வரவில்லையே. இன்று ஜப்பானில் படிக்கிற உங்கள் வயதுப் பிள்ளையிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கப் போகாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், 'எரியும் பனிக்காடு' எடுங்கள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். நீங்கள் பார்த்த 'பரதேசி' படத்துக்கு மூலம் அதுதான். கருப்பன், வள்ளி இருவரையும் தெரிந்துகொண்ட பிறகு சண்முகத்துக்கும் ரெங்கசாமிக்கும் வாருங்கள். படித்ததும், லாபுவிலும் நீலாயிலும் எழுபது எண்பது வயதில் இருக்கிற பாட்டிமாரைப் போய்ப் பாருங்கள். அவர்களுடைய அப்பாவோ பெரியப்பாவோ சயாமுக்குப் போனாரா என்று மெதுவாகக் கேளுங்கள். பெயர், தோட்டம், திரும்பினாரா இல்லையா, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நோட்டு நான் வாங்கித் தருகிறேன். புத்தகங்கள் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. 'நினைவுச் சின்ன'த்தின் அட்டை கிழிந்திருக்கிறது, பார்த்து எடுங்கள்.