மூடியைத் திறந்தது ஒரு முறைதான்

சர்வீஸ் பில்லைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். நான் மொத்தத் தொகையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மேலிருந்து படிப்பேன். ஆறாயிரம் என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு வரியும் திருட்டாகத் தெரியும். எண்ணூறு என்றால் எல்லாமே நியாயமாகத் தோன்றும். அந்த எண்ணூறிலேயே ஐந்நூறு வேண்டாத செலவாக இருக்கலாம்.

சென்னைப் புறநகரில் சொந்தமாக டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் வேலை. இவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்று நம்பி ஷோரூம் பில்லை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. "அண்ணா, இது நியாயமான்னு பாத்துச் சொல்லுங்க." இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. "நல்லா தீட்டிட்டாங்க" என்று நான் சொன்னால் அடுத்த சர்வீஸுக்கு வண்டி என்னிடம் வரும். வெளிப்பட்டறைக்காரன் சொல்லும் தீர்ப்பைக் கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

கம்பெனிப் பாகங்களின் விலையில் பெரிய மோசடி நடப்பது அரிது. பாக்கெட்டிலேயே எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கிறது, அதற்கு மேல் போட முடியாது. அதே பாகம் சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் சற்றுக் குறைவாகக் கிடைக்கலாம். அதன் பக்கத்துக் கடையிலேயே அச்சு அசலாக அதே அட்டையில் டூப்ளிகேட்டும் கிடைக்கும். ஆகவே "வெளியில பாதி விலைக்குக் குடுக்கறான்" என்ற ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. வரியில் மட்டும் ஒரு கண் வைக்கலாம். 2025 செப்டம்பர் 22க்கு முன் டூ வீலர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அன்றிலிருந்து 18. அடிப்படை விலை மாறாமல் இருந்தால் 1,280 ரூபாய்ப் பாகம் 1,180 ஆகியிருக்க வேண்டும். பழைய சரக்கை எடுத்துப் பழைய விலையே போட்டிருந்தால் கேட்கலாம். இன்ஜின் ஆயிலுக்கு முன்பும் 18தான், இப்போதும் 18தான். அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. ஆயிலில் பார்க்க வேண்டியது அளவு. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றும்போது முக்கால் லிட்டர்கூடப் பிடிக்காது. பேரலிலிருந்து ஊற்றிவிட்டு முழு லிட்டர் என்று பில் போட்டிருந்தால் மீதி எங்கே என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உண்மையான கணக்கு லேபர் பகுதியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி ஒரு நேரத்தை வகுத்து வைத்திருக்கும். பெல்ட் மாற்ற இவ்வளவு, கிளட்ச் மாற்ற இவ்வளவு என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சர்வீஸ் அட்வைசர் அந்த எண்ணைத் தட்டினால் தொகை வந்துவிடும். இந்த முறையில் தப்பில்லை. மெக்கானிக் மெதுவாகச் செய்தாலும் வேகமாகச் செய்தாலும் வாடிக்கையாளருக்கு ஒரே கூலி. ஆனால் ஒவ்வொரு எண்ணும் முழு வண்டியிலிருந்து தொடங்கி, பிரித்து, மாற்றி, மறுபடி மூடுவது வரைக்குமான நேரம். ஒரே இடத்தில் மூன்று வேலை நடந்தால் பிரிப்பதும் மூடுவதும் மூன்று முறை எண்ணப்பட்டுவிடும்.

ஸ்கூட்டரின் இடப்பக்கம் பெல்ட் கவரைக் கழற்றினால் முன்னால் வேரியேட்டர், பின்னால் கிளட்ச், நடுவில் பெல்ட். ரோலரை மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டை எப்படியும் விலக்கித்தான் ஆக வேண்டும். இப்போது பில்லில் பெல்ட்டுக்கு 250, ரோலருக்கு 200, கிளட்சுக்கு 300 என்று தனித்தனியாக லேபர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் தனித்தனியாக நியாயமான கூலி. சேர்ந்து 750 என்பது நியாயமில்லை, ஏனென்றால் மூடியைத் திறந்தது ஒரு முறைதான். பைக்கில் பின்சக்கரம் இப்படிப்பட்ட இடம். செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, வீல் பேரிங் மூன்றுக்கும் சக்கரம் ஒரே தடவைதான் இறங்குகிறது. முன்னால் ஃபோர்க்கைக் கழற்றிக் கோன் செட் போடும்போது ஆயில் சீலும் மாற்றினால் அதுவும் அப்படியே. நான் பார்த்த ஷோரூம் பில்களில் அதிகம் தட்டுப்படும் அநியாயம் இது. பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுச் செய்வதுகூட இல்லை. அவசரத்தில் எண்களைத் தட்டிக்கொண்டே போகிறார்கள், அவ்வளவுதான். "மூணு வேலையும் ஒண்ணாத்தானே செஞ்சீங்க?" என்று அமைதியாகக் கேட்டால் பல இடங்களில் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கூலிக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த வரி பில்லுக்குள் ஏன் வந்தது? கிளம்பும்போது ஸ்கூட்டர் உதறுகிறது என்று ஒருவர் சொல்கிறார், கிளட்ச் செட்டே புதிதாக மாற்றப்பட்டிருக்கிறது. உதறலுக்குப் பாதி நேரம் காரணம், ஷூ உரசி உரசிக் கவருக்குள் சேர்ந்த கரித்தூளும் பளபளவென்று கண்ணாடியாகிப்போன ஷூவின் மேற்பரப்பும்தான். ஊதிச் சுத்தம் செய்து எமரி தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். ஷூவின் லைனிங் மெலிந்திருந்தாலோ, சூட்டில் டிரம் நீலம் பாரித்திருந்தாலோதான் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. எனவே நான் பழைய சாமானைக் கேட்பேன். வாரண்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குப் போய்விடும். காசு கொடுத்து மாற்றியது வண்டிக்காரரின் சொத்து, பையில் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கி வரலாம். ரோலர் உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் மாற்றியது சரி. பெல்ட்டை மடித்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் சரி. வெர்னியர் வைத்து அகலம் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பெல்ட்டில் வெடிப்பே இல்லாமல், வண்டி 24,000 கிலோமீட்டரை ஒட்டி ஓடியிருந்தால் அதிலும் குறை சொல்ல மாட்டேன். பாதி வழியில் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியவர் அவர்தான். பன்னிரண்டாயிரத்தில் நல்ல பெல்ட்டைக் கழற்றிப் போட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் சீட்டுவரை முங்கிய வண்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்டிமேட் போலப் போட்டார்கள் சில இடங்களில்: இன்ஜின் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு முதல் கேள்வி, தண்ணீர் வடிந்த பிறகு யாராவது செல்ஃப் அடித்தார்களா? சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அந்த வண்டிக்கு இன்ஜின் பிரிப்பது நியாயம். யாரும் தொடாத வண்டி என்றால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். பால் டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றி ஓடவிட்டு அதையும் வடித்து, நிறம் தெளியும்வரை மாற்ற வேண்டும். கியர் ஆயிலும் பெல்ட் கவரும் தனி. ஏர் ஃபில்டர் வீண்தான். இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் வந்தால் அப்போது பிரிக்கலாம். ஒரே தெருவில் அடுத்தடுத்து நின்ற இரண்டு வண்டிகளுக்கு இரண்டு வேறு பில் வந்தால் அதில்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. இரண்டும் ஒரே தொகை என்றால் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை.

டெஃப்ளான் கோட்டிங், இன்ஜின் ஃப்ளஷ், பெட்ரோலில் ஊற்றும் சின்ன பாட்டில், "கன்சூமபிள்ஸ்" என்ற மர்ம வரி. இவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போதே "கேட்காம எதையும் சேர்க்காதீங்க" என்று எழுதச் சொன்னால் முக்கால்வாசி காணாமல் போகும். ஆனால் இவை ஏன் முளைக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு ஜாப் கார்டும் சராசரியாக இவ்வளவு ரூபாய்க்குப் போக வேண்டும் என்று அட்வைசருக்கு மாத இலக்கு இருந்தது. வண்டி விற்பதில் கிடைக்கும் லாபம் சொற்பம். ஷோரூம் வாடகையைச் சர்வீஸும் ஸ்பேரும்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு காரணத்தை வாடிக்கையாளர்கள் கேட்க விரும்புவதில்லை. கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு நம் ஊரில் யாரும் காசு கொடுப்பதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இன்ஜின் லைட் எரிந்தால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறோம். ஆக்சிஜன் சென்சார் என்று அது காட்டினால் சென்சார் செத்துவிட்டது என்று பொருளல்ல. அந்தச் சுற்றில் எங்கோ குறை இருக்கிறது, அவ்வளவுதான். வயரை எலி கடித்திருக்கலாம், கப்ளருக்குள் பாசி பிடித்திருக்கலாம். டேங்க்கை இறக்கி, மீட்டரை வைத்து, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்க அரை நாள் போகும். கடைசியில் அரை அங்குல வயரும் கொஞ்சம் டேப்பும். இதற்கு என்ன பில் போடுவது? ஷோரூம் கம்ப்யூட்டரில் "எலி கடித்ததைத் தேடினோம்" என்று ஒரு எண் கிடையாது. வயரிங் செட் மாற்ற இருக்கிறது, சென்சார் மாற்ற இருக்கிறது. அதனால் மாற்றிவிடுகிறார்கள். வாடிக்கையாளரும் பளபளக்கும் புதுப் பாகத்துக்கு மூவாயிரம் கொடுக்க மறுப்பதில்லை. தேடிய அரை நாளுக்கு அறுநூறு கேட்டால்தான் முகம் மாறுகிறது.

தேடுவதற்குக் கருவியும் வேண்டும். 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளியாருக்குக் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது புகார். எங்கள் டூ வீலர் தொழிலில் அவ்வளவு இறுக்கம் இல்லை. எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான ஸ்கேனர் கடையில் கிடைக்கிறது, நானும் வாங்கியிருக்கிறேன். அதன் விலையை எந்த வரியில் எடுப்பது என்பதுதான் பிரச்சினை.

இப்போதெல்லாம் என் பில்லில் "கோளாறு பார்த்த கூலி" என்று தனியாக ஒரு வரி எழுதுகிறேன். ஷோரூமில் ஆறாயிரம் கட்டிவிட்டு என்னிடம் நியாயம் கேட்டு வந்தவர்களில் சிலர்கூட அந்த வரியில் விரலை வைத்து, "ஒண்ணுமே மாத்தலையேண்ணா, இதுக்கு எதுக்கு முந்நூறு?" என்கிறார்கள். இருநூற்றைம்பதுக்கு முடிகிறது பேரம்.