அன்று சாரல் அடிக்கவில்லை

1993 ஜனவரி. அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு 300 வருடம் ஆகிறதென்று, பிப்ரவரி 4ஆம் தேதித் திருவிழாவைப் பெரிதாக எடுத்தோம். அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற பக்கம் எங்கள் ஊர். அப்போது திருச்சி மாவட்டம். கோயிலில் அவருக்குச் சுரூபம் கிடையாது. பீடத்துக்கு மேலே கித்தானில் வரைந்த எண்ணெய்வண்ணப் படம்தான். காவி உடுத்திய பண்டாரச் சாமி கோலத்தில் வேதசாட்சி முழங்காலில் இருப்பார். என் தாத்தா காலத்திலேயே அது பழைய படம்.

மெழுகுவர்த்திப் புகையிலும் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியிலும் முகம் மங்கியிருந்தது. "அதத் தொடாத தம்பி, காஞ்ச துணியால தட்டுனா போதும்" என்றார் கோயில்பிள்ளை. அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் படத்தை இறக்கி, சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்தேன். காவி பளிச்சென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் முகத்துக்குப் போனேன். பழைய படங்களில் வண்ணத்துக்கு அடியில் துணியின்மேல் பசை பூசியிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் அது ஊறி உப்பும், மேலே காய்ந்த வண்ணம் பொருக்குப் பொருக்காக எழும்பும். இதெல்லாம் பிறகு படித்தது. இடது கண்ணும் பாதித் தாடியும் ஸ்பாஞ்சோடு வந்துவிட்டன.

படத்தை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பங்குச் சாமியார் விசாரித்தார். "ஜன்னல் தொறந்து கெடந்துச்சு சாமி, மார்கழி மழையில சாரல் அடிச்சிருக்கும்" என்றேன். ஜன்னல் சாத்துவது கோயில்பிள்ளையின் வேலை. அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் சோப்பு வாசனை போயிருக்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரமே சாவிக்கொத்தைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

லிஸ்பனில் பிறந்த அருளானந்தர், சாவுக்கு முன்னால் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதியவர். அவர் படத்துக்கு எதிரே நின்றுதான் பொய்ச்சாட்சி சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். அதற்கே பயந்தேன்.

பிறகு போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்து எனாமலில் முகம் போட்டார்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டிருக்கிறேன். இதை மட்டும் விழுங்கிவிடுவேன். கோயில்பிள்ளை இறந்து வெகுகாலமாயிற்று. அவர் மகள் அதே தெருவில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரப்போகிறேன். ஜன்னலை உங்க அப்பா சாத்திட்டுத்தான் போனாரு, அக்கா.