படகு கட்டிக் கிடக்கும்போதுதான் கவனம் தேவை

படகு விபத்துன்னு சொன்னா உங்க மனசுல என்ன வருது?

புயல். பெரிய அலை. நடுக்கடல்ல கவிழ்ந்த படகு. சரியா?

கடலோர ஊர் அரசு மருத்துவமனையில கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கிற எனக்கு வேற படம் வரும். படகு கரையில கட்டிக் கிடக்கும். கடல் அமைதியா இருக்கும். ஏறும்போதோ இறங்கும்போதோ ஒருத்தர் கால் தவறியிருக்கும்.

தண்ணியில மூழ்கினவங்களைப் பற்றி எல்லோரும் பேசுறோம். ஏறி இறங்கும் அந்த ரெண்டு நொடியைப் பற்றி யாரும் பேசுறதில்லை. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இப்போ எதுக்கு இது?

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் பாய்மரப் படகுப் போட்டியில ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021ல டோக்கியோ, 2024ல பாரிஸ். நம்ம பிள்ளைகளுக்கும் பாய்மரப் படகு மேல ஆசை வந்திருக்கு. ரொம்ப நல்ல விஷயம். லீவு விட்டா குடும்பத்தோட படகுச் சவாரி போறதும் இருக்கு. தொழிலுக்காக தினமும் ஏறி இறங்குற மீனவச் சொந்தங்களும் இருக்காங்க. எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதல்ல ஒரு கணக்கு.

சின்னப் பிள்ளைகள் பழகும் ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகோட வெற்று எடை சுமார் 35 கிலோ. அதுல கால் வைக்கிற அப்பாவோட எடை 70 கிலோ. படகை விட ரெண்டு மடங்கு எடை அதன் ஓரத்துல இறங்கினா என்ன ஆகும்? அந்தப் பக்கம் சாயும். அவ்வளவுதான்.

அடுத்தது, தரை நம்ம காலுக்கு அசைஞ்சு கொடுக்காது. படகு அசைஞ்சு கொடுக்கும். கரைக்குத் தாவ படகை எவ்வளவு வேகமா உந்துறீங்களோ, அவ்வளவு வேகமா அது பின்னாடி போகும். ஒரு கால் கரையில, ஒரு கால் படகுல, நடுவுல இடைவெளி விரிஞ்சுகிட்டே போகும். ரெண்டு தோணியில கால் வைக்காதேன்னு பெரியவங்க சொன்னது வாழ்க்கைக்கு மட்டும் இல்லை. ஒரு தோணிக்கும் கரைக்கும் கூட அதே கதைதான்.

சரி, எப்படி ஏறணும்?

1. லைஃப் ஜாக்கெட்டை கரையிலேயே போட்டு, பக்கிளை இறுக்குங்க. படகுல ஏறின பிறகு இல்லை. தோள்பட்டையில பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் வந்தா தளர்வா இருக்குன்னு அர்த்தம்.

2. படகு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு கயிறுல கட்டியிருக்கான்னு பாருங்க. ஒரே கயிறுன்னா மறுமுனை விலகிப் போகும்.

3. பாய் விரிஞ்சிருந்தா ஏறாதீங்க. இறக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா படகோட மூக்கு காற்றுக்கு எதிரா இருக்கணும், பாய்க்கயிறு தளர்வா இருக்கணும். இல்லைன்னா நீங்க கால் வைக்கும் நேரம் பார்த்து காற்று பாயை நிரப்பும். பாய்க்கு அடியில குறுக்கா இருக்கும் கட்டை, பூம்னு சொல்வாங்க, திடீர்னு திரும்பும். அது தலையில பட்டா விளையாட்டு இல்லை.

4. கையில எதுவும் இருக்கக் கூடாது. பை, சாப்பாட்டுக் கூடை, செல்போன் எல்லாத்தையும் முதல்ல படகுல இருக்கிறவர்கிட்ட கொடுத்துடுங்க. செல்ஃபி உட்கார்ந்த பிறகு எடுத்துக்கலாம்.

5. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கோங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கோங்க. தேய்ஞ்ச ரப்பர் செருப்பு வேண்டாம்.

6. விளிம்பை மிதிக்காம, படகோட நடுவுல கால் வைங்க. தாவாதீங்க. குனிஞ்ச உடம்போட, அசையாத எதையாவது பிடிச்சுகிட்டு, ஒரே சீரா எடையை மாத்துங்க. ஏறின உடனே உட்காருங்க. அடுத்தவர் அதுக்கப்புறம் ஏறட்டும்.

ஏறுறதை விட இறங்குறதுதான் எனக்கு அதிகம் பயம்.

ஏன்னு கேளுங்க. ஏறும்போது எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும், கவனம் இருக்கும். இறங்கும்போது "அப்பாடா, கரை வந்துடுச்சு"ன்னு எல்லோரும் ஒரே நேரத்துல எழுந்து ஒரே பக்கம் வருவாங்க. கால் மரத்திருக்கும். பலகை ஈரமா இருக்கும். ஓதம் ஏறி இறங்குறதால, ஏறும்போது சமமா இருந்த விளிம்பு இப்போ ஒரு முழம் கீழே போயிருக்கலாம்.

அறுபது வயசு தாண்டின ஒரு அம்மா. அன்னைக்கு அவங்க புடவையில தண்ணி கூட படலை. இறங்கும்போது படகு ஒரு சாண் விலகுச்சு, கரையில பக்கவாட்டா விழுந்தாங்க. எக்ஸ்ரேயில இடுப்பு எலும்பு முறிவு. "கரைக்கு வந்த பிறகுதானே டாக்டர் விழுந்தாங்க, இதுக்குப் போய் ஆபரேஷனா?"ன்னு மகன் கேட்டார்.

ஆமாம் தம்பி, ஆபரேஷன்தான். இந்த வயசுல இடுப்பு எலும்பு முறிஞ்சா சீக்கிரம் ஆபரேஷன் செஞ்சு எழுந்து நடக்க வைக்கணும். படுத்தே கிடந்தா நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டுன்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரும். அந்த அம்மா வாக்கர் பிடிச்சு நடந்துதான் வீட்டுக்குப் போனாங்க. அதுவரைக்கும் தினமும் தனியா சந்தைக்கு நடந்து போனவங்க அவங்க.

பெரியவங்களை இறக்கும்போது அவசரப்படுத்தாதீங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க வெயில்ல உட்கார்ந்துட்டு சட்டுனு எழுந்தா தலை சுற்றும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் பத்து தடவை அசைக்கச் சொல்லுங்க. மெதுவா எழட்டும். ஒருத்தர் கரையில, ஒருத்தர் பின்னாடி. விரலைப் பிடிக்காதீங்க, வழுக்கும். நீங்க அவங்க மணிக்கட்டையும், அவங்க உங்க மணிக்கட்டையும் பிடிச்சுக்கணும்.

குழந்தையை ஒத்தைக் கையால தூக்கி இறக்காதீங்க. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு முழங்கை மூட்டு விலகிடும். பிள்ளை அழும், கையை அசைக்காது. ரெண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்க.

இப்போ கரையில நிற்கிறவங்களுக்கு.

வந்துகிட்டிருக்கிற படகைக் கையாலயும் காலாலயும் நிறுத்தாதீங்க. மெதுவாத்தான் வருதுன்னு தோணும். சில நூறு கிலோ எடைக்கு முன்னாடி நம்ம கணுக்கால் ஒண்ணுமே இல்லை. அதுக்குத்தான் பக்கவாட்டுல பழைய டயர் கட்டித் தொங்க விடுறாங்க. அடி டயர் வாங்கட்டும். கயிறைக் கையில சுத்திக்கிட்டு இழுக்காதீங்க. படகு இழுத்தா விரலோட போகும்.

இன்னொண்ணு, மோதிரம். படகுல இருந்து குதிக்கும்போது மோதிரம் ஆணியில மாட்டினா உடம்பு கீழே போகும், விரல் மேலே நிற்கும். தோலோட உரிஞ்சு வந்த விரலைப் பார்த்திருக்கேன். கல்யாண மோதிரத்துக்கு ஆசைப்பட்டு மோதிர விரலை இழந்தவர் அவர். கழற்றி வீட்டுல வைங்க.

அப்படித் துண்டாகிப் போனா, துண்டைச் சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. துண்டை நேரடியா ஐஸ்ல போடாதீங்க.

யாராவது படகுக்கும் கரைக்கும் நடுவுல விழுந்துட்டா?

என்ஜினை அணைங்க. படகைக் கரையில இருந்து தள்ளிப் பிடிங்க, நசுங்காம இருக்கணும். குதிக்காதீங்க. கயிறு, கம்பு, மிதவை எது கிடைக்குதோ அதைக் கொடுங்க.

தூக்கின பிறகு மூச்சு இல்லைன்னா தலைகீழாத் தொங்க விடுறது, வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்கிறது ரெண்டும் வேண்டாம். நேரம்தான் வீணாகும். ஒருத்தர் 108க்கு போன் பண்ணட்டும். நீங்க வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுங்க, நெஞ்சின் நடுவுல அமுக்குங்க. 30 அமுக்கம், 2 மூச்சு. நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகம். உதவி வர்ற வரை நிறுத்தாதீங்க. மூழ்கினவருக்கு முதல் தேவை காற்று, அதனால மூச்சுலதான் தொடங்கணும்.

தண்ணி குடிச்சு மீண்டவர் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் இருமல், மூச்சுத் திணறல் இருந்தா கூட்டிட்டு வாங்க. சில மணி நேரம் பார்த்துட்டு அனுப்புறோம்.

கடைசியா, சிராய்ப்பு. துறைச் சுவர்ல ஒட்டியிருக்கிற சிப்பி கிழிச்சா சுத்தமான தண்ணியில நல்லா கழுவுங்க, டிடி ஊசி போட்டுக்கோங்க. சர்க்கரை நோய், கல்லீரல் நோய் இருக்கிறவங்க இதைச் சாதாரணமா எடுக்காதீங்க. கடல் தண்ணியில இருக்கிற சில கிருமிகள் ஒரே நாள்ல காலை வீங்க வைக்கும். சிவப்பு பரவுது, கொப்புளம் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா மறுநாள் வரை காத்திருக்காதீங்க.

இதுல எதுக்கும் பணம் செலவில்லை. கொஞ்சம் நிதானம் மட்டும் போதும். பாதி பேர் இறங்கும் வரை உட்கார்ந்திருக்க முடியும்னா, நம்ம வார்டுல ஒரு படுக்கை காலியாவே இருக்கும்.

அடுத்த மாசம் படகுச் சவாரி போறவங்க யாராவது உங்க குரூப்ல இருந்தா இதை அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.