வெள்ளை விற்கிற கடையில் வெள்ளைக்கு ஒன்றும் இல்லை

எங்கள் லயத்தில் யார் ரொம்ப வெள்ளை என்று கேட்டால் எல்லாரும் எங்கள் அக்காவைத்தான் காட்டுவார்கள். ஆனால் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் கேட்கிற வெள்ளை அது இல்லை.

பதினேழு வயதில் உதட்டோரத்தில் பயறளவு ஒரு புள்ளி வந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே. பிறகு நெற்றியில். இப்போது அக்காவுக்கு இருபத்தாறு. முகத்தில் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. பழைய நிறம் மிச்சமிருப்பது இடது கன்னத்தில் ஒரு திட்டு, புருவத்துக்கு மேலே கொஞ்சம், தாடைக்குக் கீழே கொஞ்சம். அவ்வளவுதான்.

நாங்கள் அவளுடைய தங்கச்சிகள், இரண்டு பேர். இதை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். அக்கா வாசித்துப் பார்த்து, "பேர மட்டும் போடாதீங்க, மத்ததெல்லாம் போடுங்க" என்று சொன்ன பிறகுதான் அனுப்பினோம்.

ஆரம்பத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள், "என்னா கிறீம் பூசுற, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். புள்ளி பெருசானதும் அதே ஆட்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார்கள். ஒரு மாமி, "வெண்குஷ்டம்னா ஒட்டிக்கும்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அம்மா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

பதுளையில் தோல் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் ஒரு பஞ்சை எடுத்து அந்தத் திட்டில் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்துவிடும், இதில் அப்படி இல்லை என்றார். தொழுநோய் கிருமியால் வருவது. இது உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களைத் தானே அழித்துவிடுவது. ஒட்டாது. குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தமிழ்நாட்டில் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் என்று ஒன்று இந்தச் சொல்லை மாற்றச் சொல்லிப் பல வருசம் பாடுபட்டது. அங்கே அரசாங்கமும் 'வெண்புள்ளிகள்' என்றே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. எங்கள் தோட்டத்துக்கு அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

சரி, மேக்கப் கதைக்கு வருவோம். அக்கா பதுளையில் ஒரு துணிக்கடையில் நாலு வருசமாக வேலை செய்கிறாள். சாரிப் பக்கம். ஒரு சாரியை விரித்துக் காட்டினால் வாங்காமல் போகமாட்டார்கள் என்று பேர். போன வருசம் முதலாளி கூப்பிட்டு ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார்: "தங்கச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. கஸ்டமர்ஸ் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு ஸ்டோர்ல நில்லுங்க. இல்லாட்டி மேக்கப் ஏதாச்சும் போட்டு வாங்க." ஸ்டோருக்குப் போனால் கமிஷன் இல்லை. அந்தக் கமிஷனில்தான் எங்களில் ஒருத்தியின் கிளாஸ் ஃபீஸ் போகிறது.

அதனால் ஃபவுண்டேஷன் தேட ஆரம்பித்தோம். தோலின் நிறம் தெரியாத அளவுக்கு மூடுகிறதை 'ஃபுல் கவரேஜ்' என்பார்கள். சாதாரண ஃபவுண்டேஷனைவிட அதில் நிறத்தூள் அதிகம். அது மட்டும்தான் அப்போது எங்களுக்குத் தெரியும்.

முதலில் பிழையாகத்தான் தேடினோம். அக்காவின் பழைய நிறத்துக்கு, அதாவது எங்கள் இரண்டு பேரின் நிறத்துக்குப் பொருத்தமான பழுப்பு வாங்கி, வெளுத்த இடத்தையெல்லாம் மூடப் பார்த்தோம். காலையில் கண்ணாடியில் பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஹாலிஎலயில் பஸ் ஏறி பதுளையில் இறங்குவதற்குள் மூக்கில் வியர்த்து வெள்ளை எட்டிப் பார்த்தது. மத்தியானம் பிளவுஸ் கழுத்தெல்லாம் பழுப்பு. முக்கால் முகத்துக்குத் தடிப்பாக அப்பியதால் சிரித்தாலே வாயோரம் வெடித்தது. அக்கா ஒரு கிழமை சிரிக்காமல் சாரி விற்றாள்.

அப்புறம்தான் மைக்கல் ஜாக்சன் விசயம் தெரிய வந்தது. அவர் வெள்ளையாக ஆசைப்பட்டுத் தோலை மாற்றிக்கொண்டார் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். 1993 பெப்ரவரியில் ஓப்ரா வின்ஃப்ரே பேட்டியில் தனக்கு நிறம் போகிற தோல் நோய் இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒப்பனை செய்த கேரன் ஃபே பின்னாளில் சொன்னது இன்னும் முக்கியம். முதலில் வெள்ளைத் திட்டுகளைக் கறுப்பு நிறத்தால் மூடினார்களாம். நோய் பரவி வெள்ளை அதிகமானதும் மிச்சமிருந்த கறுப்பை வெளிர் நிறத்தால் மூடுவதுதான் லேசு என்று மாற்றிக்கொண்டார்களாம்.

இரண்டு பேரும் அக்காவின் முகத்தைப் பார்த்தோம். எங்களுக்கும் அதே கணக்குத்தான். முக்கால்வாசியை மூடுவதைவிட கால்வாசியை மூடலாம். அப்படியென்றால் தேட வேண்டியது பழுப்பு இல்லை. ரொம்ப வெள்ளைத் தோலுக்கான ஃபுல் கவரேஜ் ஃபவுண்டேஷன்.

இது லேசான வேலை என்று நினைத்தோம். ஏனென்றால் நம்ம ஊர் ஃபென்ஸி கடைகளில் வெள்ளையைத் தவிர வேறு என்ன விற்கிறார்கள்? 'ஃபெயார்', 'வைட்', 'பிரைட்', 'ஐவரி'. 1975இல் இந்தியாவில் தொடங்கிய ஃபெயார் அன்ட் லவ்லி 2020இல் பேரை குளோ அன்ட் லவ்லி என்று மாற்றியது. பேர் மாறினாலும் எங்கள் கடைக்காரர்கள் பழைய பேரைச் சொல்லித்தான் எடுத்துத் தருகிறார்கள்.

ஹாலிஎலயில் தேடிவிட்டு பதுளையில் ஏழு கடை ஏறினோம். இருப்பதிலேயே வெள்ளையானதை அக்காவின் கன்னத்தில் தொட்டால் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. ஒரு கடையில் நின்ற அக்கா, "நங்கி, இதுக்கு மேல வெள்ள இல்ல. இதே இங்க யாருக்கும் சரிவராது, கல்யாணத்துக்குத்தான் எடுப்பாங்க" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. அந்த அலமாரி வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்காக வைத்தது இல்லை. கறுப்பாக இருக்கிற நாங்கள் வெள்ளையாக ஆசைப்பட வேண்டும் என்பதற்காக வைத்தது. கறுத்த பெண்ணுக்குப் பொருத்தமான நிறமும் அதில் இல்லை, உண்மையிலேயே வெளுத்த பெண்ணுக்கு வேண்டியதும் இல்லை.

ஒரு கடையில் பேரில்லாத சின்ன டப்பா ஒன்றை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, "இத பூசினா மிச்சமும் வெளுத்துரும்" என்றார்கள். தயவுசெய்து யாரும் அதை வாங்காதீர்கள். உலகம் முழுக்க இப்படிப்பட்ட கிறீம்களில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தத்தில் இலங்கையும் இருக்கிறது, ஆனால் டப்பாவில் பேரே இல்லாவிட்டால் ஒப்பந்தம் யாரைப் பிடிக்கும்?

கடைசியில் உதவினது எங்கள் பக்கத்தில் கல்யாணப் பொண்ணுகளுக்கு மேக்கப் செய்கிற அக்கா ஒருவர். பரதநாட்டியப் பிள்ளைகளுக்கும் அவர்தான் போட்டுவிடுவார். "ஏன் வெள்ளையா இருக்கிற கலரைத் தேடுறீங்க? கலக்குங்க" என்றார்.

ஃபவுண்டேஷன் நிறம் என்பது பெரிய மந்திரம் இல்லை. வெள்ளைக்கு டைட்டானியம் டைஒக்சைட், மற்றபடி மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒக்சைட்டுகள். இந்த நாலின் அளவு மாறினால் நிறம் மாறும். எங்கள் ஊருக்கு வருகிறவற்றில் மஞ்சள் தூக்கல். அக்காவின் வெளுத்த தோலில் நிறமே இல்லாததால் உள்ளே ஓடுகிற இரத்தம் தெரிந்து, ரோஸ் அடிக்கும். அதனால்தான் எவ்வளவு வெள்ளையானதைப் பூசினாலும் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது.

அவர் கிரையோலன் வெள்ளை ஸ்டிக் ஒன்றையும் ரோஸ் சாயல் உள்ள வெளிர் ஸ்டிக் ஒன்றையும் புறங்கையில் குழைத்து, பழுப்புத் திட்டில் மட்டும் தட்டினார். தேய்க்கக் கூடாது, விரலால் தட்ட வேண்டும். மெல்லிசாக ஒரு பூச்சு, பவுடர், கொஞ்ச நேரம் விட்டு மிச்சத்தைத் தட்டிவிட்டு இன்னொரு பூச்சு. அரை மணித்தியாலத்தில் அக்காவின் முகம் ஒரே நிறமானது. யாரோ வெளிநாட்டுக்காரி மாதிரி இருந்தாள். எங்களுக்கு சந்தோசமா பயமா என்று தெரியவில்லை.

ஒரு ஸ்டிக்கின் விலை அப்போது அம்மா பல நாள் கொழுந்து எடுத்த சம்பளமாக இருந்தது. 2022 ஓகஸ்டில் அரசாங்கம் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது அழகுசாதனப் பொருட்களும் அதில் இருந்தன. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கடைக்காரர்கள் ஓடுகிற நிறத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று அந்த அக்கா சொன்னார். நாங்கள் கொழும்பிலிருந்து வரவழைத்தோம். சீட்டுக் காசு போனது.

இப்படி மூடுகிற மேக்கப்பைப் பற்றித் தேடியபோது இன்னொரு பெண்ணின் கதையும் கிடைத்தது. அமெரிக்காவில் லிடியா ஓலியரி. பிறந்ததிலிருந்து முகத்தில் பெரிய சிவப்பு மச்சம். அந்த முகத்தைப் பார்த்து வேலை கொடுக்க மறுத்தார்கள். அதை மறைக்கத் தானே ஒரு பூச்சைச் செய்தார். 1928இல் பிறந்த அந்தப் பொருள்தான் கவர்மார்க். 1932இல் காப்புரிமையும் வாங்கினார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினோம். "அப்ப நூறு வருசமா ஆம்பளைங்க கடையில வேலை கேட்டா இதைத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் 40 நிறங்களோடு வந்தபோது கறுத்த பெண்கள் கொண்டாடினார்கள். அல்பினிசம் உள்ள பெண்களும், தங்கள் நிறத்துக்கு முதல் தடவையாக ஒன்று கிடைத்தது என்று எழுதினார்கள். நினைத்துப் பார்த்தால் அது ஒரே கோரிக்கைதான். இருக்கிற தோலுக்குக் கொடு.

அக்கா இப்போது மறுபடியும் சாரிப் பக்கத்தில் நிற்கிறாள். முதலாளி, "இப்பதான் நல்லா இருக்கு" என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது எங்களுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதம் அலைந்தது அவர் வாயிலிருந்து இது வரத்தானா? அக்கா அமைதியாகத்தான் சொன்னாள்: "கடைக்கு சாரி கட்டுற மாதிரி இதையும் கட்டிக்கிட்டு போறேன். அது யூனிஃபோர்ம். வீட்டுக்கு வந்தா கழட்டிருவேன்."

உண்மையாகவே கழட்டிவிடுகிறாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்து, பீலியில் முகம் கழுவிவிட்டு வாசலில் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் ஒன்றும் பூசுவதில்லை. மாரியம்மன் திருவிழாவில் போன தடவை அந்த முகத்தோடுதான் தட்டு தூக்கினாள். மாமி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு தேடியும் எங்களுக்குத் தோன்றாத ஒன்றை டொக்டர்தான் கடைசியாகச் சொன்னார். வெளுத்த தோலுக்கு வெயிலைத் தாங்க ஒன்றும் இல்லை, சீக்கிரம் பொசுங்கிவிடும், மூடுகிறதுக்கு முன்னால் காப்பாற்றுங்கள் என்றார். முகத்தை ஊர் கண்ணிலிருந்து மறைக்க மாதக்கணக்கில் அலைந்த நாங்கள், வெயிலிலிருந்து காப்பாற்ற ஒரு நாளும் யோசிக்கவில்லை. அடுத்த சீட்டுக் காசு சன்ஸ்கிறீமுக்கு. அது யூனிஃபோர்ம் இல்லை. அது அக்காவுக்கு.