ஊசி வாங்கினோம், மாத்திரையை விட்டுட்டோம்

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்கூல்ல கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு மருந்துச் சீட்டு போட்டோ அனுப்பினான். "அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர்டா. எலும்புக்கும் போயிருக்காம். ஹார்மோன் ஊசி எழுதியிருக்காங்க, கூட ஒரு மாத்திரையும். ஊசி விலையைக் கேட்டாலே தலை சுத்துது. மாத்திரையை அடுத்த மாசம் வாங்கிக்கலாமா?"

டைப் பண்ணிட்டு உக்காந்திருக்கல. உடனே போன் போட்டேன். அவனுக்கு ஏன் இவ்வளவு பதறுறான்னு புரிஞ்சிருக்காது. அதைத்தான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல அறுபது வயசு தாண்டின ஆம்பளைங்க இருந்தா பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் கேன்சர் ஸ்பெஷலிஸ்ட் இல்ல. அரசு மருத்துவமனையில வேலை பாக்குற எம்.பி.பி.எஸ். டாக்டர். இந்த மருந்துகளை ஆரம்பிக்கிறதும் மாத்துறதும் கேன்சர் டாக்டரும் யூராலஜிஸ்டும்தான். ஆனா அந்த மருந்தோட வீட்டுக்குப் போனவங்க நடுராத்திரியில வந்து நிக்கிறது எங்ககிட்ட.

அரசுப் பணியில சேர்ந்த புதுசு. கேஷுவால்டி நைட் டூட்டி. பதினோரு மணி இருக்கும். அறுபத்தெட்டு வயசு, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். வீல்சேர்ல தள்ளிட்டு வந்தாங்க. "முதுகு வலி சார், தாங்க முடியல." வெளியில விபத்து கேஸ் ரெண்டு, விஷம் குடிச்ச கேஸ் ஒண்ணு. நான் வயசான முதுகுவலின்னு முடிவு பண்ணி வலி ஊசியை எழுதிட்டேன். சிஸ்டர் மருந்தை எடுத்துட்டாங்க. காலையில ஓபிக்கு வாங்கன்னு சொல்லக்கூட வாயைத் திறந்துட்டேன்.

அப்போ அந்தம்மா, அவர் மனைவி, யாருக்கும் சொல்லாத மாதிரி மெதுவா சொன்னாங்க. "ரெண்டு நாளா நடக்கும்போது செருப்பு கழண்டு விழுறதுகூட இவருக்குத் தெரிய மாட்டேங்குது சார்."

அந்த நிமிஷம் வரைக்கும் நான் அவரை எழுந்து நிக்கச் சொல்லிக்கூடப் பாக்கல.

படுக்க வெச்சு காலைத் தூக்கச் சொன்னேன். கட்டில்ல இருந்து அரை அடிகூட வரல. தொப்புளுக்குக் கீழே குண்டூசியால தொட்டா மொண்ணையா இருக்குன்னார். அடிவயிறு மேடா இருந்துச்சு. "யூரின் எப்போ போனீங்க?" "காலையில கொஞ்சம்." டியூப் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல வந்துச்சு.

அப்புறம்தான் மஞ்சப்பையில இருந்த ஃபைலை வாங்கிப் பாத்தேன். புராஸ்டேட் கேன்சர், முதுகெலும்புக்குப் பரவியது. ஒன்பது நாள் முன்னாடி ஹார்மோன் ஊசி போட்டிருக்காங்க. அதே சீட்டுல ரெண்டாவது வரியில பைகாலுடமைட் 50 மில்லிகிராம், தினம் ஒண்ணு, ஒரு மாசத்துக்கு. அதை வாங்கவே இல்ல. "ஊசிக்கே இருந்த காசு எல்லாம் போயிடுச்சு சார். பெரிய மருந்து ஊசிதானே, மாத்திரை சத்து மாத்திரையா இருக்கும்னு விட்டுட்டோம்." கொடுமை என்னன்னா, அந்த ஊசி ஆயிரக்கணக்குல. மாத்திரை அதோட ஒப்பிட்டா சில்லறைக் காசு.

அந்த மாத்திரை எதுக்குன்னு இப்போ சொல்றேன்.

புராஸ்டேட் கேன்சர் செல்களுக்குப் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன்தான் சாப்பாடு. அதை நிறுத்தினா கட்டி சுருங்கும். சிகாகோ பல்கலைக்கழகத்துல சார்லஸ் ஹக்கின்ஸ் இதை 1941-லயே காட்டிட்டார். விதைப்பைகளை எடுத்தா, பரவின கேன்சர்கூட அடங்குதுன்னு. 1966-ல அதுக்காக நோபல் பரிசு. இன்னைக்கும் சிகிச்சையோட அடித்தளம் அதுதான். ஆபரேஷனுக்குப் பதிலா ஊசி வந்திருக்கு, அவ்வளவுதான்.

லூப்ரோலைடு, கோசெரிலின், டிரிப்டோரிலின்னு சீட்டுல இருக்குற ஊசிகள் வேலை செய்யற விதம் விசித்திரமானது. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. "டெஸ்டோஸ்டிரோன் தயாரி"ன்னு விதைகளுக்கு ஆர்டர் போடுறது அதுதான். மூளை அதுக்கு விட்டு விட்டு சிக்னல் கொடுக்கும். ஊசி மருந்தும் அதே சிக்னல்தான், ஆனா விடாம கொடுக்கும். யாரோ நம்ம வீட்டு காலிங் பெல்லை அழுத்திப் பிடிச்சுட்டே நின்னா என்ன பண்ணுவோம்? முதல்ல அத்தனை பேரும் வாசலுக்கு ஓடுவோம். கொஞ்ச நேரத்துல வெறுத்துப்போய் பெல்லையே கண்டுக்க மாட்டோம். பிட்யூட்டரியும் அப்படித்தான். கடைசியில அடங்கிடும், டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்குப் போயிடும். ஆனா முதல் ஒண்ணு ரெண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, ஏறும்.

அந்த ஏத்தத்துல கட்டி கொஞ்சம் வீங்கும். எலும்பு வலி கூடும். யூரின் அடைக்கலாம். முதுகெலும்புல ஏற்கனவே கட்டி இருக்குறவருக்கு தண்டுவடம் நசுங்கலாம். மருத்துவத்துல இதை 'ஃபிளேர்'னு சொல்வோம். பைகாலுடமைட் மாத்திரை கேன்சர் செல்லோட வாசல்லயே நின்னு டெஸ்டோஸ்டிரோனை உள்ள விடாது. அதனாலதான் ஊசிக்குச் சில நாள் முன்னாடியோ, ஊசியோட சேர்த்தோ ஆரம்பிச்சு, சில வாரம் தொடரச் சொல்றாங்க. டெகரெலிக்ஸ்னு இன்னொரு வகை ஊசி இருக்கு. அது பெல்லை அழுத்தாது, வயரையே பிடுங்கி விட்டுடும். ஃபிளேர் கிடையாது. எது யாருக்குன்னு முடிவு பண்றது உங்க டாக்டர்.

கண்டக்டர் ஐயாவுக்கு டெக்ஸாமெத்தசோன் போட்டு, மருத்துவக் கல்லூரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, 108-ல ஏத்தி அனுப்பினோம். எம்.ஆர்.ஐ.-ல தண்டுவடம் நசுங்கினது உறுதியாச்சு. ரேடியேஷன் ஆரம்பிச்சாங்க. யூராலஜி டாக்டர்கள், விதைகளை எடுத்துடலாம்னு சொன்னாங்க. சின்ன ஆபரேஷன், சில மணி நேரத்துலயே ஹார்மோன் இறங்கிடும், அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதடவை ஊசிக்கு அலைய வேண்டியதில்ல.

அவர் ஒத்துக்கல. அந்த வாரம் வேற நோயாளி விஷயமா அங்க போயிருந்தேன், வார்டுல எட்டிப் பாத்தேன். சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தார். "முப்பது வருஷம் பஸ்ல எத்தனை பேரை அதட்டியிருப்பேன் தம்பி. இதை எடுத்துட்டா நான் யாரு?" எனக்குப் பதில் தெரியல. முதல் வருஷத்துல இருந்து படிச்ச எதுலயும் அதுக்குப் பதில் இல்ல. அந்தம்மாதான் ஆரஞ்சுப் பழத்தை உரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "கக்கூஸுக்கு நீங்களா நடந்து போங்க, எனக்கு அது போதும்." அடுத்த நாள் கையெழுத்துப் போட்டார்.

நடந்தார். வாக்கர் பிடிச்சுத்தான். பழைய நடை திரும்பி வரல. முதல் கால் மரத்த அன்னைக்கே வந்திருந்தா வந்திருக்குமான்னு எனக்கு அடிக்கடி தோணும்.

அதனால, இந்தக் கேன்சர் எலும்புக்குப் போயிருக்குன்னு சொல்லியிருந்தா, இதை மட்டும் வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க: புதுசா முதுகு வலி கூடுறது, கால்ல பலம் குறையறது, மரத்துப் போறது, யூரினோ மோஷனோ கட்டுப்பாடு இல்லாம போறது. இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ராத்திரியே கிளம்புங்க. ஃபைலைக் கையில எடுத்துக்கோங்க. டூட்டி டாக்டர் கேக்கலைன்னாலும் "ஹார்மோன் ஊசி போட்டிருக்கு, செருப்பு கழண்டு விழுது"ன்னு நீங்களே சொல்லுங்க.

ஊசி தேதி பத்தி. மூணு மாச ஊசின்னா பொதுவா 12 வாரம். தீபாவளி முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும்னு தள்ளிப் போட்டா ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். அடுத்த பிரச்சனை, பி.எஸ்.ஏ. 80-ல இருந்து 0.2-க்கு வந்ததும் "சரியாயிடுச்சு"ன்னு நிறுத்திடறது. பி.எஸ்.ஏ. இறங்கினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எப்போ நிறுத்தறதுங்கறது நோயோட நிலையைப் பொறுத்தது. ரேடியேஷனோட சேர்த்துக் கொடுக்கறப்போ சிலருக்கு ஆறு மாசம், சிலருக்கு ரெண்டு மூணு வருஷம். பரவினவங்களுக்கு இது தொடர்ந்து போற சிகிச்சை.

இன்னொருத்தர், ஓய்வுபெற்ற வாத்தியார். மிகவும் ஒழுங்கானவர், மாத்திரைக்குத் தனி நோட்டே வெச்சிருப்பார். கால் வீக்கம், தசைப் பிடிப்புன்னு ஓபிக்கு வந்தார். பிபி 190/110. பொட்டாசியம் 2.6. அந்த அளவுல இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், உடனே அட்மிட் பண்ணிட்டேன். நோட்டைப் பாத்தா அபிராடெரோன் மாத்திரை, 250 மில்லிகிராம் நாலு, "காலை உணவுக்குப் பின்". சீட்டுல வெறும் வயித்துலன்னு இருக்கு. வயித்தைப் புண்ணாக்கிடும்னு அவரே மாத்திக்கிட்டார். கூட எழுதியிருந்த பிரெட்னிசலோனை நிறுத்திட்டார். "ஸ்டீராய்டு ஆச்சே டாக்டர், யூடியூப்ல ரொம்ப கெடுதல்னு சொன்னாங்க."

ரெண்டுமே தப்பாப் போச்சு. அபிராடெரோன் சாப்பாட்டோட போனா உடம்பு இழுத்துக்கற அளவு பத்து மடங்கு வரைக்கும் கூடலாம். அதனால முழு டோஸ் எடுக்கறவங்க சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கணும், எடுத்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. அடுத்தது, இந்த மருந்து அட்ரினல் சுரப்பியிலயும் ஹார்மோனை அடைக்கும். கார்டிசால் குறையும், அதை ஈடுகட்ட உடம்பு அட்ரினலை விரட்டும், கடைசியில உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கற ஹார்மோன்கள் தேங்கும். பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். அந்த விரட்டலை அடக்கத்தான் சின்ன அளவுல பிரெட்னிசலோன். அந்த ஸ்டீராய்டு அவருக்குக் காவல். அதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது.

இதுல ஒரு குழப்பம் வரும், சொல்லிடுறேன். சிலருக்கு டாக்டரே ஒரே ஒரு 250 மாத்திரையை, கொழுப்பு குறைவான டிபனோட எடுக்கச் சொல்லியிருப்பாங்க. அது தப்பு இல்ல. சாப்பாட்டோட அதிகமா உறிஞ்சப்படுதுங்கறதையே சாதகமாக்கி 72 பேர்கிட்ட ஒரு ஆய்வு நடத்தி 2018-ல வெளியிட்டாங்க. பி.எஸ்.ஏ. இறங்கினது ரெண்டு முறையிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். செலவு கால்வாசி. ஆனா எந்த முறைன்னு டாக்டர் முடிவு பண்ணணும். நாலு மாத்திரைக்காரர் டிபனோட எடுத்தா வாத்தியார் கதைதான். அப்புறம், கர்ப்பமா இருக்குற மகளோ மருமகளோ அபிராடெரோனை வெறும் கையால தொட்டு எடுத்துக் கொடுக்க வேண்டாம். இந்த மாத்திரை ஓடுற வரைக்கும் பிபி, பொட்டாசியம், கல்லீரல் டெஸ்ட் டாக்டர் சொன்ன தேதிக்கு. பைகாலுடமைட்டுக்கும் கல்லீரல் டெஸ்ட் உண்டு.

கண்டக்டர் ஐயா அப்புறம் எங்க ஓபிக்கே வர ஆரம்பிச்சார். மார்கழி மாசம் ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்து சட்டை நனைய வேர்த்துக்கிட்டு இருப்பார். "எங்க வீட்டம்மாவுக்கு ஐம்பது வயசுல இப்படி வந்தப்போ நடிக்கறான்னு நெனச்சேன் தம்பி." அதேதான். மாதவிடாய் நிக்கறப்போ பெண்களுக்கு வர்ற உடல் சூடு, ஹார்மோன் அடைச்ச ஆண்களுக்கும் வரும். சூடான காபி, காரம் குறைச்சா சிலருக்குத் தேவலை. தாங்கலைன்னா மாத்திரை இருக்கு, கேளுங்க. இதுக்காக ஊசியை நிறுத்தாதீங்க.

கண்ணுக்குத் தெரியாம நடக்கறதுதான் கவலை. தசை கரையும், வயித்துல கொழுப்பு சேரும், சுகர் ஏறும், எலும்பு மெலியும், ரத்தம் கொஞ்சம் குறையும். அவருக்கு ஒரு வருஷத்துல ஆறு கிலோ ஏறுச்சு, இல்லாத சுகர் வந்துச்சு. கேன்சரைத் தாங்கினவர் இடுப்பெலும்பு முறிஞ்சோ ஹார்ட் அட்டாக்லயோ போனா என்ன பிரயோஜனம்? சுகர், கொழுப்பு, பிபி ஒழுங்கா பாருங்க. ஆரம்பத்துல ஒருதடவை எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் கிடைச்சா எடுத்துடுங்க. கேழ்வரகு 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, ஆனா சுகர் இருந்தா கூழை அண்டா கணக்குல குடிக்க வேண்டாம். எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடறதுன்னா அதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பாருங்க, சொத்தைப் பல் பிடுங்கறதை முன்னாடியே முடிச்சுடுங்க. இதய நோய் இருந்தா, ஊசிக்கு முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடுங்க. நடைப்பயிற்சியோட கூடவே தசைக்கும் வேலை வேணும். ஐயா ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டை நாற்காலியில உக்காந்தபடி தூக்கி இறக்குவார்.

தாம்பத்திய விஷயம் யாரும் கேக்க மாட்டாங்க, நானே சொல்றேன். ஆசை குறையும், விறைப்பு குறையும். மருந்தோட விளைவு அது, ஆம்பளைத்தனத்தோட அளவு இல்ல. மனசும் சோர்ந்து போகும். அந்தச் சோர்வுல லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்திருக்கற 'சிறப்பு மருத்துவர்'கிட்டப் போய், ஆண்மைப் பொடி, லேகியம்னு வாங்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டு விட்டா, நாம காசு கட்டி அணைச்ச நெருப்புக்கு அவர் காசு வாங்கி பெட்ரோல் ஊத்தறார்னு அர்த்தம். கூச்சப்படாம உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க. மனைவியையும் கூட வெச்சுக்கிட்டுக் கேட்டா இன்னும் நல்லது.

செலவுக்கு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கான்னு பாருங்க. மருத்துவமனையில காப்பீட்டுக்குன்னு தனி கவுன்ட்டர் இருக்கும். கடன் வாங்கி ஊசி வாங்கறதுக்கு முன்னாடி அங்க போய், எதெல்லாம் அடங்கும்னு கேளுங்க. காசு பத்தலைன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆபரேஷன்னு ஒரு வழி இருக்கு. சீட்டுல ஒரு வரியை நீங்களா அடிக்கறதுதான் ஆபத்து.

கண்டக்டர் ஐயா மூணு வருஷத்துக்கும் மேல இருந்தார். கடைசி தடவை வந்தப்போ பேரனைக் கூட்டிட்டு வந்தார். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஓபி வரிசையில நின்னவங்களை "முன்னாடி போங்க, முன்னாடி போங்க"ன்னு அதட்டிக்கிட்டு இருந்தார்.

நண்பன் இன்னைக்குக் காலையில மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினான். முதல் மாத்திரை பிரிச்சிருந்துச்சு. அப்பாவை எழுந்து நடக்கச் சொல்லி ஒரு வீடியோவும் அனுப்பச் சொன்னேன். நல்லா நடக்கறார், செருப்பு கால்ல இருக்கு.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. ரிப்போர்ட் அனுப்பினா பேரு, போன் நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க. இன்னைக்கு நைட் டூட்டி, நாளைக்கு மதியத்துக்கு மேல பதில் சொல்றேன்.