அரண்மனை மைதானத்தில் எருமைகள்

முதலில் கேட்டது குளம்புச் சத்தம் அல்ல, தண்ணீர்ச் சத்தம். பெரிய குளத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர் குதித்ததுபோல் ஓர் ஓசை. அடுத்த விநாடி விளக்கொளியில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று எழுந்து வந்தது. அதைக் கிழித்துக்கொண்டு கறுத்த இரண்டு தலைகளும், பின்னால் நுகத்தோடு இணைந்த கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதனும் பாய்ந்தார்கள். பதினான்கு, பதினைந்து விநாடிதான். எல்லைக் கோட்டுக்கு அப்பாலிருந்த மேட்டில் எருமைகள் ஏறி நின்றபோது ஓட்டக்காரரின் முகம் தெரியவில்லை, பற்கள் மட்டும் தெரிந்தன.

2023 நவம்பர் 25, சனிக்கிழமை. இடம், பெங்களூரு அரண்மனை மைதானம். கல்யாண வரவேற்புகளுக்கும் இசைக் கச்சேரிகளுக்கும் அரசியல் மாநாடுகளுக்கும் பேர்போன அந்த மைதானத்தில், ஏறத்தாழ 155 மீட்டர் நீளத்துக்கு இரண்டு தடங்கள் தோண்டி, மண்ணும் நீரும் நிரப்பிச் சேறாக்கியிருந்தார்கள். கடலோரக் கர்நாடகத்தின் கம்பளம் தலைநகருக்கு வந்தது அதுவே முதல் முறை. 150க்கும் மேற்பட்ட ஜோடி எருமைகள் தட்சிண கன்னட, உடுப்பி மாவட்டங்களிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி, சுமார் 350 கிலோமீட்டர் லாரியில் வந்திருந்தன. கால்நடை மருத்துவர்களும் உடன் வந்தார்கள். தீவனத்தோடு குடிக்கும் தண்ணீரும் ஊரிலிருந்தே வந்ததாகச் சொன்னார்கள். நகரத்துத் தண்ணீர் எருமைகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். நகரத்தில் குடியிருக்கும் எங்களுக்கே அது சரிவர ஒத்துக்கொள்வதில்லை.

என்னோடு வந்தவன் என் தங்கை மகன். பெங்களூருவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சொந்த ஊர் பாலமேட்டுக்குப் பக்கம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவில் இறங்கியபோது எட்டாம் வகுப்பு மாணவன். மதுரை தமுக்கம் மைதானத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கோஷம் போட்டதை இன்னும் பெருமையாகச் சொல்வான். கம்பளம் பார்க்க என்னை இழுத்து வந்தவனும் அவன்தான். வழியில் வேறொரு கதை சொன்னான். அவனுடைய கல்லூரி சீனியர் ஒருவர் மேற்படிப்புக்கு மட்ரிட் போயிருக்கிறார். வந்த இடத்தில் பார்க்காமல் போவானேன் என்று காளைச் சண்டைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போனவர், மூன்றாவது காளை விழுந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டாராம். ஒரு நாள் ஆட்டத்தில் வழக்கமாக ஆறு காளைகள். மூன்று வீரர்கள், ஆளுக்கு இரண்டு. ஒவ்வொரு காளைக்கும் சுமார் 20 நிமிடம். முடிவு முன்கூட்டியே தெரிந்தது.

“நம்மூர்ல அப்படி இல்லையே மாமா” என்றான். அது கேள்வியா, பதிலா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் உடுப்பிக்காரர். சிற்றுண்டிச் சாலை ஒன்றில் கல்லாவில் உட்காருபவர். பெங்களூரு தமிழும் கன்னடமும் கலந்து பாடம் எடுத்தார். பந்தயம் ஒரே வகை இல்லை. இளம் ஜோடிகளுக்கு ‘நேகிலு’, அதாவது லேசான கலப்பை. தேர்ந்த ஜோடிகளுக்கு ‘ஹக்கா’, கயிறு மட்டும். ‘அட்ட ஹலகே’யில் ஓட்டக்காரர் குறுக்குப் பலகையில் நிற்பார். ‘கனே ஹலகே’தான் விசித்திரம். அதில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. துளையிட்ட பலகையின் மேல் ஒற்றைக் காலை ஊன்றி ஓட்டக்காரர் வர, துளை வழியே தண்ணீர் பீறிட்டு எழும். தடத்துக்கு மேலே ஆறரை கோல், ஏழரை கோல் உயரத்தில் துணி கட்டியிருப்பார்கள். தண்ணீர் அதைத் தொட வேண்டும். “முன்னே தேங்காயும் வாழைத்தாரும் பரிசு சார். இப்ப தங்கம்” என்றார். எருமை வளர்ப்பவருக்கு அந்தத் தங்கம் கட்டுப்படியாகுமா என்று கேட்டேன். சிரித்தார். கொள்ளு, எண்ணெய், நீச்சலுக்குக் குளம், பார்த்துக்கொள்ள ஆட்கள். கணக்குப் போட்டால் நஷ்டம்தான். “கௌரவம் சார், கௌரவம்.”

நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர் ஊர்ப் பக்கம் வாரந்தோறும் எங்காவது கம்பளம் நடக்கும். நெல் அறுவடை முடிந்த வயலில், உள்ளூர் தெய்வங்களுக்கு வேண்டிக்கொண்டு தொடங்கிய விழா அது. இப்போது மின்னொளி, நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடிவரை அளக்கும் கருவி, துளுவில் விடிய விடிய வர்ணனை எல்லாம் வந்துவிட்டன. 2022இல் வெளியான ‘காந்தாரா’ படம் கம்பளத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்கும் முன்பே, 2020 பிப்ரவரியில் ஐகளாவில் ஸ்ரீனிவாச கௌடா என்ற கட்டடத் தொழிலாளி 142.5 மீட்டரை 13.62 விநாடியில் கடந்தார். யாரோ அதை 100 மீட்டருக்கு வகுத்துப் பார்த்து 9.55 விநாடி என்றார்கள். உசேன் போல்ட் 2009இல் படைத்த உலக சாதனை 9.58. மத்திய அமைச்சரே அழைப்பு விடுத்தார். ஆனால் இதே பெங்களூருவில் உள்ள விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் ஓடிக்காட்ட கௌடா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முடிவு சரி என்பது நேரில் பார்த்தால் தெரிகிறது. அந்த வேகம் மனிதனுக்கு மட்டும் உரியதல்ல. எருமைகள் இழுக்கின்றன; விழாமல் காலை மாற்றி மாற்றி வைப்பதே ஓட்டக்காரரின் வித்தை. போல்ட்டுக்கு முன்னால் எருமை ஓடவில்லை.

அப்படியே ரசித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. இரவு ஏறியபோது கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து தடத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டோம். தூரத்தில் தெரியாதது அங்கே தெரிந்தது. ஓட்டக்காரர்கள் சிலரின் கையில் பிரம்பு. தண்ணீர்த் திரைக்குள் அது உயர்ந்து இறங்கியது. மேட்டில் ஏறி நின்ற எருமையின் விலா விரிந்து சுருங்கியது, வாயோரம் நுரை. கண்கள் வெள்ளையாக உருண்டன. ஒருவர் ஓடிவந்து அதன் முதுகில் தண்ணீர் ஊற்றி, பிள்ளையைத் தடவுவதுபோல் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிரம்பும் நிஜம், அந்தத் தடவலும் நிஜம். மருமகன் கைபேசியில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

இந்த இரண்டு நிஜங்களுக்கும் நடுவில்தான் நீதிமன்றங்கள் பத்தாண்டுகள் நின்றன. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை முன்வைத்து ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடை செய்தது. 2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் கம்பளத்தை நிறுத்தியது. 2017 ஜனவரியில் மெரினா பொங்கி எழுந்து தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், அதே வழியில் கர்நாடகமும் திருத்தம் செய்தது. ஒரு வகையில் துளு நாட்டு எருமைகளை மீட்டது மதுரைக் காளைகள்தாம். உடுப்பிக்காரரிடம் இதைச் சொன்னபோது மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தங்களும் செல்லும் என்றது. விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. ஆறே மாதத்தில் கம்பளம் பெங்களூருவுக்கு வந்தது. வழக்கு அதோடு ஓயவில்லை. பெங்களூருவில் இதை மீண்டும் நடத்தக் கூடாதென்று 2024இல் பீட்டா அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

பாரம்பரியம் என்பதால் கைவைக்கக் கூடாது என்பது விழா ஆதரவாளர்களின் வாதம். ஆனால் கம்பளத்திலேயே கைவைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் கோரகர் என்னும் பழங்குடி மக்களை எருமைகளுக்கு முன்பாக அந்தச் சேற்றில் ஓடவிடுவது வழக்கம். தடத்தில் முள்ளோ கண்ணாடியோ கிடந்தால் எருமைக்கு முன் அவர்கள் காலில் குத்தட்டும் என்ற எண்ணம். முதல் நாள் இரவு முழுக்கப் பனியில் அவர்கள் பறையடித்துக் காவல் கிடக்க வேண்டும். கோரகர்களை இப்படி இழிவுபடுத்தும் ‘அஜலு’ வழக்கங்களைக் கர்நாடக அரசு 2000இல் தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த வழக்கமும் பாரம்பரியம் என்றுதான் சொல்லப்பட்டது. அது போன பிறகும் கம்பளம் உயிரோடுதான் இருக்கிறது. முன்பைவிட ஆரவாரமாகவே இருக்கிறது.

ஸ்பெயினிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. கடலோனியா சட்டமன்றம் 2010இல் காளைச் சண்டையைத் தடை செய்தது. 2011 செப்டம்பரில் பார்சலோனா அரங்கில் கடைசி ஆட்டம் நடந்தது. அந்தத் தடை செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தும் பார்சலோனா அரங்குக்குக் காளைகள் திரும்பவில்லை. மெக்சிகோ நகரம் 2025 மார்ச்சில் வேறு வழியை யோசித்தது. விழா இருக்கலாம், ஆனால் காளையைக் கொல்லவோ கூர்மையான ஆயுதத்தால் குத்தவோ கூடாது என்று சட்டம் செய்தது. குத்தாத காளைச் சண்டை காளைச் சண்டையே அல்ல என்று அங்கே ரசிகர்கள் கொதித்தார்கள். அப்படியானால் அவர்கள் ரசித்தது எதை என்று கேட்கத் தோன்றுகிறது.

கம்பளத்தில் எருமை சாவதற்காக ஓடவில்லை. மட்ரிடுக்கும் மங்களூருக்கும் உள்ள அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் அந்த வித்தியாசத்தையே நற்சான்றிதழாக வைத்துக்கொள்ள முடியாது. பிரம்பு இல்லாத கம்பளம் கம்பளமாக இருக்குமா? கனே ஹலகேயைப் பார்த்தபின் இருக்கும் என்றே நம்புகிறேன். துணியைத் தொட்ட தண்ணீருக்குத்தான் அன்று அதிகக் கைதட்டல்.

நள்ளிரவுக்கு மேல் வெளியே வந்தோம். வாசலருகே கோரி ரொட்டிக் கடையில் இன்னும் வரிசை நின்றது. ஆட்டோவில் வெகுநேரம் மருமகன் பேசவில்லை. மேக்ரி சர்க்கிள் தாண்டியதும் சொன்னான்.

“இந்த வருஷப் பொங்கலுக்கு நம்ம பாலமேட்டில மாடு முட்டி ஒருத்தர் செத்தாருல்ல மாமா. அப்பவும் நான் மாடு ஜெயிச்சுதா, ஆளு ஜெயிச்சானான்னு மட்டும்தான் பார்த்தேன்.”

வரும் தைக்கு ஊருக்குப் போவாயா என்று கேட்டேன்.

“போவேன். ஆனா இந்தத் தடவை வாடிவாசலுக்குப் பின்னாடி நின்னு பார்க்கணும். மாட்டை வெளியே விடுறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு.”